கடைத்தெருவைப் பூட்டி முகாமைக் காத்த கதை

சட்டமன்ற உறுப்பினரின் சேவை மையத்தில் புதிதாகச் சேர்ந்திருக்கும் பிள்ளைகளே, முதலில் நாற்காலியைப் பற்றிப் பேசிவிடுவோம். மற்றதெல்லாம் உங்களுக்குத் தானாக வந்துவிடும். கால்வாய் அடைப்புப் புகாரை எந்தக் கோப்பில் வைப்பது, நம் சட்டமன்ற உறுப்பினர், அதாவது ஒய்.பி., எந்தக் கல்யாணத்துக்கு நேரில் போக வேண்டும், எதற்கு மாலை மட்டும் போனால் போதும் என்பதெல்லாம் ஒரு மாதத்தில் பிடிபட்டுவிடும். நாற்காலி விஷயம் எனக்குப் பிடிபட இருபத்திரண்டு வருடம் ஆயிற்று.

நான் வேலைக்கு வந்த புதிதில் பக்கத்துத் தொகுதியின் சேவை மையத்தில் ஒரு பெரிய கை இருந்தார். பெயர் வேண்டாம், அவருடைய பேரப்பிள்ளைகள் எல்லாரும் பேஸ்புக்கில் இருக்கிறார்கள். அலோர் காஜாவில் ஒரு கூட்டம் முடிந்ததும் என்னை ஓரமாகக் கூப்பிட்டுச் சொன்னார்.

"தங்கச்சி, மேடையில யாரு பேசுறாங்க, என்னா பேசுறாங்க, அதெல்லாம் ஒருத்தனும் பாக்க மாட்டான்லா. நாற்காலி நெறஞ்சிருக்கா, அதத்தான் பாப்பான். நாற்காலி காலியா இருந்தா ஒன் வேலையும் காலி."

அன்றிலிருந்து இதுதான் எனக்கு வேதவாக்கு. நூறு பேர் வருவார்கள் என்றால் எண்பது நாற்காலிதான் போடுவேன். இருபது பேர் நின்றால் கூட்டம் அலைமோதியது என்று செய்தி வரும். சாப்பாட்டுக்கு வைத்த மீஹூனைப் பேச்சுக்கு முன்னால் பரிமாறவே மாட்டேன். வயிறு நிறைந்தவன் உட்கார மாட்டான். மழை வந்து ரப்பர்த் தோட்டத்து ஆட்கள் வரவில்லை என்றால் லாரி அனுப்பி ஏற்றிக்கொண்டு வருவேன். ஒரு தடவை கோலா சுங்கை பாருவில் மீனவர் கூட்டத்துக்கு மீனவர்கள் எல்லாரும் கடலுக்குப் போய்விட்டார்கள். பக்கத்தில் நடந்துகொண்டிருந்த காதுகுத்து வீட்டையே பாயோடு கிளப்பிக்கொண்டு வந்து உட்கார வைத்தேன். அவர்களிடம் ஒய்.பி. வலை மானியத்தைப் பற்றி அரை மணி நேரம் பேசினார். நன்றாகத்தான் கை தட்டினார்கள்.

அப்படிப்பட்ட நான் ஓய்வு பெறுவதற்கு முன்பு செய்த மகா முட்டாள்தனத்தைத்தான் இப்போது சொல்லப் போகிறேன். சிரிக்கலாம், ஆனால் கையில் குறிப்பேடு இருக்கட்டும்.

நம் தொகுதியில் ராணுவ முகாம் இருக்கும் அந்தச் சின்ன ஊர் உங்களுக்குத் தெரியும். இங்கே எழுத்தில் பெயரைப் போட மாட்டேன், போட்டால் காதர் பாய் எனக்கு டீ தர மாட்டார். ஒரே ஒரு தெரு. ஒரு முனையில் முகாமின் வாசல், மறுமுனையில் பொது மண்டபம். நடுவில் இரண்டு பக்கமும் கடைகள். வாசலுக்கு நேர் எதிரே காதர் பாயின் சாப்பாட்டுக் கடை, அதை ஒட்டி சரோஜா அக்காவின் தையல் கடை. அப்புறம் முடிவெட்டும் கடை, டோபி, பூட்ஸ் தைக்கிறவர், மளிகை, கைத்தொலைபேசிக் கடை. எந்தக் கடையில் நின்று திரும்பினாலும் பச்சைச் சீருடைதான் தெரியும்.

முகாமை மூடப் போகிறார்கள் என்ற செய்தியை எனக்கு முதலில் சொன்னவர் காதர் பாய்தான். மந்திரிக்குக்கூடத் தெரியாததை ரொட்டி சானாய் போடுகிறவர் எப்படித் தெரிந்துகொண்டார் என்று கேட்காதீர்கள். சிப்பாய்கள் சாப்பிடும்போது வாயை மூடுவதில்லை. செலவைக் குறைக்கச் சில முகாம்களை மூடி வேறு முகாமோடு சேர்க்கப் போகிறார்கள், பட்டியலில் நம்முடையதும் இருக்கிறது, கோலாலம்பூரிலிருந்து ஒரு மதிப்பீட்டுக் குழு வரும் என்றார். இரண்டு வாரத்தில் அதுவே கடிதமாக எங்கள் அலுவலகத்துக்கும் வந்தது.

அன்று சாயங்காலம் சரோஜா அக்கா கடைக்குப் போனேன். ரவிக்கை தைக்கக் கொடுத்திருந்தேன், அதை வாங்கத்தான் போனேன். அக்கா சிப்பாய்களின் சட்டையில் பெயர்ப்பட்டை தைத்துக்கொண்டிருந்தார். மார்பில் பெயரை நூலால் எழுதி ஒட்டியிருப்பார்களே, அந்தப் பட்டை. முகாமில் இருக்கும் அத்தனை பேருடைய பெயரும் அவருடைய மிஷினில்தான் பிறக்கும். அக்கா தோட்டத்துப் பிள்ளை. தோட்டத்தை வீடமைப்புக்கு விற்றபோது ஒரு தையல் மிஷினோடு இந்த ஊருக்கு வந்தவர்.

"லெட்சுமி, தோட்டத்துலேருந்து ஒரு தடவ பெட்டி கட்டிட்டேன். இன்னொரு தடவ என்னால முடியாதுலா," என்றார். சத்தமே இல்லாமல் சொன்னார், மிஷினையும் நிறுத்தவில்லை.

"நான் பாத்துக்கறேன்க்கா," என்றேன்.

பிள்ளைகளே, இந்த வேலையில் அந்த இரண்டு வார்த்தையை மட்டும் யோசிக்காமல் சொல்லாதீர்கள். நான் சொன்னேன், அப்புறம் மூன்று மாதம் தூங்கவில்லை.

ஏனென்றால் ராணுவ விஷயத்தில் மாநிலச் சட்டமன்றத்துக்கு ஓர் அதிகாரமும் கிடையாது. எல்லாம் கோலாலம்பூர். நம் ஒய்.பி.யால் செய்ய முடிந்தது மூன்றுதான். சட்டமன்றத்தில் எழுந்து பேசலாம், மகஜர் கொடுக்கலாம், வருகிறவர்களுக்கு மாலை போடலாம். மூன்றையும் செய்தார். சட்டமன்றத்தில் அவர் பேசிய பேச்சில் உணர்ச்சி அதிகமாகி, முகாமில் இல்லாத பீரங்கிகளை எல்லாம் சேர்த்துவிட்டார். மறுநாள் முகாமிலிருந்து ஓர் அதிகாரி போன் செய்து, அந்தப் பீரங்கிகள் எங்கே இருக்கின்றன என்று மிக மரியாதையாகக் கேட்டார்.

மகஜர் அதைவிட மோசம். பக்கத்துத் தொகுதி ஒய்.பி.க்கள் இருவரையும் சேர்த்துக்கொண்டோம். அதில் ஒருவர் எதிர்த்தரப்பு. முகாமைக் காப்பாற்ற வேண்டும் என்பதில் மூவருக்கும் ஒரே கருத்து. யார் பெயர் முதலில் வர வேண்டும் என்பதிலும் மூவருக்கும் ஒரே கருத்து, அவரவர் பெயர்தான். இரண்டு வாரம் இதிலேயே போனது. கடைசியில் வட்டமாகக் கையெழுத்துப் போடுங்கள் என்றேன். உடனே வட்டத்தின் உச்சியில் யார் என்று ஆரம்பித்தார்கள். "தாளத் திருப்பிப் புடிச்சா எல்லாருமே உச்சிதான் ஒய்.பி." என்று ஒரு அதட்டல் போட்ட பிறகுதான் பேனாவை எடுத்தார்கள். நாற்பது பக்கம். அதில் எங்கள் ஒய்.பி.யின் படம் மட்டும் பதினொரு இடத்தில்.

இப்படியாகக் குழு வரும் நாளும் குறித்தாயிற்று. நிகழ்ச்சி நிரலை முகாமிலிருந்து அனுப்பினார்கள். காலையில் முகாமுக்குள் ஆய்வு, பத்து மணிக்கு ஊரைப் பார்வையிடல், பத்தரைக்கு மண்டபத்தில் வரவேற்பு.

என் கண் நேராகப் பத்தரைக்குப் போய்விட்டது. மண்டபத்தில் முந்நூறு நாற்காலி. ஊர் முழுக்க முகாமின் பின்னால் நிற்கிறது என்று காட்ட வேண்டும். ஒரு நாற்காலிகூடக் காலியாக இருக்கக் கூடாது.

கடை கடையாக ஏறி இறங்கினேன். கடைக்காரர்களின் வாட்ஸ்அப் குழுவில் குரல் பதிவு போட்டேன். காலை ஒன்பது மணிக்கெல்லாம் மண்டபத்தில் இருக்க வேண்டும், குடும்பத்தோடு வர வேண்டும், நல்ல உடுப்பு உடுத்த வேண்டும். வராதவர்கள் ஊருக்குத் துரோகி என்ற மாதிரி ஒரு வார்த்தையும் சேர்த்துவிட்டேன். பூட்ஸ் தைக்கிறவர் மட்டும், "கடைக்கு யாரு இருப்பா?" என்று கேட்டார். அந்த மனிதர் கேட்டதுதான் அந்த மூன்று மாதத்தில் ஒரே புத்திசாலித்தனமான கேள்வி. நான் அவரை முறைத்தேன். "ஒரு நாளு கட சாத்துனா ஒங்க பூட்ஸ் அழுவாது," என்றேன். பாவம், மறுபடியும் ஆணி அடிக்கப் போய்விட்டார்.

தெருவின் குறுக்கே ஒரு பெரிய பதாகையும் கட்டினோம். இந்த முகாம் இல்லை என்றால் இந்த ஊர் இல்லை என்று மலாயில் எழுதியிருந்தது.

அன்று காலை ஒன்பதரைக்கு மண்டபத்தைப் பார்த்தபோது என் நெஞ்சு நிறைந்துவிட்டது. முந்நூறும் நிறைந்து, பின்னால் நாற்பது பேர் நின்றார்கள். காதர் பாய் புது பாத்தேக் சட்டையில் முன்வரிசை. சரோஜா அக்கா கல்யாணப் பட்டுச் சேலையில். வாசலில் தமிழ்ப்பள்ளிப் பிள்ளைகளின் உறுமி மேளக் குழு. குழுவின் வண்டிக்கு முன்னால் வழிகாட்ட, எங்கள் ஒய்.பி.யின் ஓட்டுநர் மணியத்தை அனுப்பியிருந்தேன். மண்டபத்தைப் படம் எடுத்து, ஓய்வில் இருந்த என் பழைய நாற்காலிக் குருவுக்கு அனுப்பினேன். அவர் கட்டை விரலைத் தூக்கி ஒரு படம் அனுப்பினார்.

பத்து மணி ஐந்து நிமிடத்துக்கு மணியம் போன் செய்தான். குசுகுசு என்று பேசினான்.

"அக்கா, புவான் வண்டிய நிறுத்தச் சொல்லிட்டாங்க."

குழுவின் தலைவியைத்தான் மலாய் முறையில் மரியாதையாகப் புவான் என்றான். அமைச்சில் பெரிய பதவியில் இருப்பவர் என்று மட்டும் எங்களுக்குத் தெரியும்.

"எங்கடா?"

"கடத்தெருவுலதான்க்கா. எறங்கி நடக்குறாங்க. ஒரு ஈ காக்கா இல்லக்கா. ஒரு கட தொறக்கல. நாய் ஒண்ணு படுத்திருக்கு, அவ்ளோதான். அந்த அம்மா போட்டோ எடுக்குறாங்க."

"என்னத்தப் போட்டோ எடுக்குறாங்க?"

"பூட்ட எடுத்தாங்க. இப்ப பேனர எடுக்குறாங்க."

நான் உட்கார்ந்துவிட்டேன். உட்கார நாற்காலி இல்லை, மேடைப் படியில் உட்கார்ந்தேன். முகாமை நம்பித்தான் இந்தக் கடைகள் வாழ்கின்றனவா என்று பார்க்க அவர்கள் கோலாலம்பூரிலிருந்து வருகிறார்கள். அந்தக் கடைகளைத் தேடித் தேடிப் பூட்டிவிட்டு வந்திருக்கிறேன் நான். கடைக்காரர்களை எல்லாம் பட்டு உடுத்தி, பூட்டுகளுக்கு எட்டாத தூரத்தில் வரிசையாக உட்கார வைத்திருக்கிறேன்.

ஒய்.பி.யிடம் சொன்னேன். அவர் பன்னிரண்டு பக்கப் பேச்சைக் கடைசித் தடவையாகப் படித்துக்கொண்டிருந்தார்.

"கட மூடியிருந்தா என்னா இப்போ?" என்றார். அப்புறம் அவர் முகம் மாறியது. "ஐயோ."

"ஐயோதான் ஒய்.பி."

"கோயில் திருவிழான்னு சொல்லிடு."

"காதர் பாய் கட எதுக்கு மூடியிருக்குன்னு கேப்பாங்களே?"

"அவரும் கூட வந்தாருன்னு சொல்லு!"

இந்த இடத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். நெருக்கடி வந்ததும் முதலில் வாயில் வருவது பொய்யாகத்தான் இருக்கும். இரண்டாவதாக வருவது ஓட்டம். பொய்யை வேண்டாம் என்று தள்ளிய கையோடு நான் இரண்டாவதைப் பிடித்துக்கொண்டேன். மைக்கை எடுத்து, "எல்லாரும் ஓடிப் போயி கடையத் தொறங்க!" என்று கத்திவிட்டேன்.

முந்நூற்று நாற்பது பேரும் ஒரே நேரத்தில் எழுந்தார்கள். வாசலில் இருந்த உறுமிப் பிள்ளைகளுக்கு விவரம் தெரியாது. கூட்டம் எழுந்தால் விருந்தினர் வந்துவிட்டார்கள் என்றுதானே அவர்களுக்குச் சொல்லியிருந்தோம். முழு வேகத்தில் அடிக்க ஆரம்பித்துவிட்டார்கள். கூட்டம் ஓட, அவர்களும் அடித்துக்கொண்டே பின்னால் ஓடினார்கள்.

இப்போது அந்தப் பக்கத்திலிருந்து யோசித்துப் பாருங்கள். ஆள் அரவமில்லாத தெரு. நடுவில் கோலாலம்பூரிலிருந்து வந்த ஆறு அதிகாரிகள். திடீரென்று உறுமிச் சத்தம். தெருவின் கோடியிலிருந்து பட்டுச் சேலையும் பாத்தேக் சட்டையுமாக ஓர் ஊரே அவர்களை நோக்கி ஓடி வருகிறது. முன்னால் நான். பாதுகாப்புக்கு வந்த இளம் அதிகாரி ஒருவர் இரண்டு கையையும் விரித்து புவானை மறைத்துக்கொண்டார். மணியம் வண்டிக்குள் ஏறிக் கதவைச் சாத்திக்கொண்டான்.

புவானுக்கு முன்னால் போய் நின்று நான் மூச்சு வாங்கினேன். ஐம்பத்தெட்டு வயதில் அதற்கு மேல் ஓட முடியாது. அவர் மலாயில்தான் பேசினார், தமிழில் சொல்கிறேன்.

"ஏன் கடைகள் எல்லாம் மூடியிருக்கின்றன?" என்று கேட்டார். கோபமில்லை. கையில் ஒரு சின்னக் குறிப்பேடு, திறந்தே இருந்தது.

எனக்குப் பின்னால் வந்து சேர்ந்த ஒய்.பி., "கோயில், கோயில்," என்று முணுமுணுத்தது என் காதில் விழுந்தது. சரோஜா அக்காவும் பக்கத்தில் வந்து நின்றார். ஓடியதில் கொண்டை அவிழ்ந்துவிட்டிருந்தது. அந்த முகத்தைப் பார்த்த பிறகு எனக்குப் பொய் வரவில்லை.

"நான்தான் மூடச் சொன்னேன் புவான். உங்கள வரவேற்க மண்டபத்துக்கு வரச் சொன்னேன். நாற்காலி காலியா இருக்கக் கூடாதுன்னு நெனச்சேன்," என்றேன்.

"எல்லாக் கடையுமா?"

"எல்லாந்தான்."

அவர் அதை எழுதிக்கொண்டார். என் இருபத்திரண்டு வருட வேலையும் அந்த ஒரு வரியோடு முடிந்தது என்று நினைத்தேன். வெட்கமாக இருந்தது. வெட்கத்தைவிட, அக்காவைப் பெட்டி கட்ட வைத்துவிட்டோமே என்பதுதான் என்னைப் போட்டு வாட்டியது.

இதற்குள் முகாமில் தேநீர் இடைவேளை விட்டு, சிப்பாய்கள் வாசலைத் தாண்டி வந்துவிட்டார்கள். இருபது முப்பது பேர் காதர் பாய் கடை முன்னால் நின்றார்கள். கதவைப் பார்த்தார்கள், பூட்டைப் பார்த்தார்கள், பெரிய அதிகாரிகளைப் பார்த்ததும் விறைப்பாகச் சல்யூட் அடித்தார்கள். அடித்துவிட்டு மறுபடியும் பூட்டைப் பார்த்தார்கள். பசி.

"பாய், தொறங்க!" என்றேன்.

காதர் பாய் பையில் கைவிட்டார். வலது பை, இடது பை, சட்டைப் பை. அப்புறம் என்னைப் பரிதாபமாகப் பார்த்தார். "புதுச் சிலுவார் போட்டேன்லா. சாவி பழசுல இருக்கு. அது வூட்டுல இருக்கு."

எனக்கு அவருடைய புதுக் காற்சட்டையைக் கிழித்துவிடலாம் போல இருந்தது. அப்போது சிப்பாய்க் கூட்டத்திலிருந்து கார்ப்பரல் கோபால் நழுவினார். காஜாங்கிலிருந்து மாற்றலாகி வந்த நம்ம பையன். கடைக்குப் பின்னால் போனார். தண்ணீர் பிடித்து வைக்கும் பீப்பாயான தோம்பை நகர்த்தும் சத்தம் கேட்டது. திரும்பி வந்தவர் கையில் ஒரு சாவி. கதவைத் திறந்தார், விளக்கைப் போட்டார், அடுப்பைப் பற்ற வைத்தார், தண்ணீர் கொதிக்க வைத்தார். இன்னொரு சிப்பாய் நாற்காலிகளை மேசையிலிருந்து இறக்கினார். மூன்றாமவர் டீத்தூள் டப்பாவை, அது எங்கே இருக்கிறது என்று தேடாமலேயே, மேல் தட்டிலிருந்து எடுத்தார்.

புவான் அதைப் பார்த்துக்கொண்டே நின்றார்.

"கார்ப்பரல், இது யார் கடை?"

"காதர் மாமா கடை, புவான்."

"உங்களிடம் எப்படிச் சாவி?"

கோபால் நெளிந்தார். காதர் பாய் பல தடவை இப்படித்தான் சாவியை வீட்டில் விட்டுவிட்டு வருவாராம். காலையில் அணிவகுப்புக்கு முன்னால் டீ இல்லாமல் நின்று நின்று அலுத்துப்போய், சிப்பாய்களே கடைச் சாவிக்கு ஒரு நகல் வெட்டித் தண்ணீர்த் தோம்புக்கு அடியில் வைத்துவிட்டார்களாம். பாய் வர நேரமானால் இவர்களே திறந்து அடுப்பை மூட்டி வைப்பார்களாம். முகாமில் மாற்றலாகிப் போகிறவர்கள் புதிதாக வருகிறவர்களுக்கு முதலில் காட்டும் இடம் அந்தத் தோம்புதானாம்.

"எத்தனை வருடமாக?"

"எனக்கு முன்னாலேயே, புவான்."

"என் கடைக்கு ரெண்டாவது சாவி இருக்கா?" என்று காதர் பாய் வாயைப் பிளந்தார். "எனக்கே தெரியாதேலா! நான் தெனம் சீக்கிரமா கட தொறக்குறேன்னுல்ல நெனச்சிக்கிட்டிருந்தேன்!"

பாதுகாப்பு அதிகாரியின் முகம் மட்டும் ஒரு மாதிரி போனது. புவான் முதல் தடவையாகச் சிரித்தார்.

அடுத்த கடையில் சரோஜா அக்கா கதவைத் திறந்துவிட்டார். அவர் சாவியை முந்தானையில் முடிந்து வைத்திருந்தார், அப்படிப்பட்டவர். திறந்த அடுத்த நிமிடமே ஓர் இளம் சிப்பாய் சட்டையோடு உள்ளே பாய்ந்தார். மத்தியானம் பார்வையிடல் இருக்கிறதாம், பெயர்ப்பட்டை ஒரு பக்கம் பிரிந்து தொங்குகிறதாம், ஒன்பது மணியிலிருந்து அக்காவைத் தேடுகிறாராம். அக்கா கல்யாணப் பட்டோடு மிஷினில் உட்கார்ந்து காலால் மிதிக்க ஆரம்பித்தார். குழுவில் வந்திருந்த ஒரு மேஜர் குனிந்து தன் பெயர்ப்பட்டையைத் தடவிப் பார்த்தார். அதுவும் பிரிந்திருந்தது. அவரும் வரிசையில் நின்றார்.

புவான் தையல் கடை வாசலில் வந்து நின்று, "இந்த முகாமைப் பற்றி என்னிடம் ஏதாவது சொல்ல வேண்டுமா?" என்று கேட்டார்.

நாற்பது பக்க மகஜர் என் கையில் இருந்தது. ஒய்.பி.யின் பன்னிரண்டு பக்கம் அவர் கையில் இருந்தது. நாங்கள் இருவரும் வாயைத் திறப்பதற்குள் அக்கா, தையலிலிருந்து கண்ணை எடுக்காமல், தனக்குத் தெரிந்த மலாயில் சொன்னார்.

"கடை எல்லாம் பூட்டி, ஆள் இல்லாமல், நாய் மட்டும் படுத்திருந்ததைப் பார்த்தீர்கள் அல்லவா புவான்? முகாம் போனால் தினமும் அப்படித்தான் இருக்கும். இன்றைக்கு ஒத்திகை பார்த்தாயிற்று. போதும்."

உறுமிப் பிள்ளைகள் அடிப்பதை நிறுத்திவிட்டார்கள். புவான் தன் கைத்தொலைபேசியை எடுத்து, சற்று முன் எடுத்த படங்களை ஒவ்வொன்றாகத் தள்ளிப் பார்த்தார். பூட்டிய கதவு, நாய், பதாகை. அப்புறம் நிமிர்ந்து தெருவைப் பார்த்தார். முடிவெட்டும் கடை திறந்து முதல் ஆள் உட்கார்ந்தாயிற்று. டோபிக் கடையில் இஸ்திரி ஆவி கிளம்பிவிட்டது. பூட்ஸ் தைக்கிறவர் பட்டு வேட்டியோடு ஒரு பூட்ஸைக் காலுக்கிடையில் வைத்துக்கொண்டு, என்னை வேண்டுமென்றே பார்க்காமல், ஆணி அடித்துக்கொண்டிருந்தார். புவான் நின்ற இடத்திலேயே மறுபடியும் எல்லாவற்றையும் படம் எடுத்தார்.

மண்டபத்துக்கு அவர்கள் வரவே இல்லை. எல்லாரும் காதர் பாய் கடையிலேயே உட்கார்ந்தார்கள். ஒய்.பி. எழுந்து தொண்டையைச் செருமிப் பேச்சைப் பிரித்தார். "உட்காருங்கள் ஒய்.பி., டீ ஆறிவிடும்," என்றார் புவான். ஒய்.பி. உட்கார்ந்தார். அந்தப் பேச்சு வீணாகவில்லை. அடுத்த சட்டமன்றக் கூட்டத்தில் கால்வாய்களைப் பற்றிய விவாதத்தில் முழுவதையும் வாசித்துவிட்டார். கால்வாய்க்கும் அதற்கும் சம்பந்தமில்லை என்று சபாநாயகர் சொல்லிப் பார்த்தார், நிற்கவில்லை.

சில மாதங்கள் கழித்துக் கடிதம் வந்தது. முகாம் இப்போதைக்கு இருக்கும். இப்போதைக்கு என்ற வார்த்தையை ஒய்.பி. தன் செய்தியாளர் கூட்டத்தில் வாசிக்கவில்லை, நீங்கள் மறக்காதீர்கள். அது இன்னும் அந்தக் கோப்பில்தான் இருக்கிறது. கூடவே அறிக்கையின் பிரதி ஒன்றும் வந்தது. எங்கள் நாற்பது பக்க மகஜருக்கு அதில் ஒரே ஒரு வார்த்தை, "பெறப்பட்டது". பூட்டிய தெருவுக்கும் திறந்த தெருவுக்கும் எதிரெதிராகப் படம் போட்டு முழுதாக இரண்டு பக்கம். தண்ணீர்த் தோம்புக்குத் தனியாக ஒரு பத்தி. காதர் பாய் அந்தப் பத்தியைச் சட்டம் போட்டுக் கல்லாவுக்கு மேலே மாட்டியிருக்கிறார். தோம்புக்குக் கீழே இருக்கும் சாவியை மட்டும் யாரும் எடுக்கவில்லை, பாய் உட்பட.

கடையைப் பூட்டியது ஒரு தந்திரம், முன்கூட்டியே திட்டமிட்டது என்று ஒய்.பி. இன்றைக்கும் எல்லா மேடையிலும் சொல்கிறார். அவர் சொல்லட்டும். நீங்கள் நம்ப வேண்டாம். அது வெறும் முட்டாள்தனம், என் முட்டாள்தனம். அக்கா வாயைத் திறந்ததால் பிழைத்தோம். என் குருவுக்கு நடந்ததை எல்லாம் போனில் சொன்னேன். நிதானமாகக் கேட்டுவிட்டு, "ஆனா மண்டபம் நெறஞ்சிதானலா இருந்திச்சி?" என்றார். அந்த மனிதரை என்ன செய்வது?

நான் ஓய்வு பெற்ற அன்று தெருவே மண்டபத்தில் கூடும் என்று நினைத்திருந்தேன். நாற்காலிகூடப் போட்டு வைத்திருந்தேன், பழக்க தோஷம். ஐந்து பேர்தான் வந்தார்கள். மனசு சுருங்கிவிட்டது. சரி, கடைத்தெரு வழியாக வீட்டுக்குப் போவோம் என்று நடந்தேன். எல்லாக் கடையும் திறந்திருந்தது. எல்லாரும் கடையில்தான் இருந்தார்கள். ஒவ்வொருவரும் வாசலுக்கு வந்து கையைப் பிடித்தார்கள். பூட்ஸ் தைக்கிறவர், "இன்னிக்கி கடய சாத்தலக்கா. நீங்க திட்டுவீங்கன்னு," என்றார். அங்கேயே நின்று அழுதுவிட்டேன்.

தெருவின் கடைசியில் சரோஜா அக்கா ஒரு பொட்டலத்தைக் கொடுத்தார். ராணுவப் பச்சையில் ஒரு கையில்லாத சட்டை, முன்பக்கம் பொத்தான் வைத்தது. மார்பில் சிப்பாய்களுக்குத் தைப்பது போலவே ஒரு பட்டை. என் பெயர் இருக்கும் என்று கண்ணாடியைப் போட்டுப் பார்த்தேன். பெயர் இல்லை. "கடை திறந்திருக்கிறது" என்று தைத்திருந்தார்.

அதை நான் வீட்டுக்கு எடுத்துப்போகவில்லை. உங்கள் அலுவலகத்தில், நாற்காலிகள் அடுக்கியிருக்கும் அறையின் கதவுக்குப் பின்னால் ஆணியில் தொங்குகிறது. அந்தக் குழு மறுபடியும் வரும். அன்றைக்கு நாற்காலி எடுக்க அந்தக் கதவைத் திறப்பீர்கள் அல்லவா, முதலில் அந்தச் சட்டையை எடுத்து மாட்டிக்கொள்ளுங்கள். மாட்டிக்கொண்டு கடைத்தெருவுக்குப் போங்கள். நாற்காலி அங்கேயே இருக்கட்டும்.